எண்ணி வைத்த பென்சில்கள்

மூன்றாம் வகுப்புக்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பது எளிய காரியம் என்று எண்ணுபவர்கள் நம்மிடையே ஏராளம். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் இருந்து, தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று, பட்டமும் பெற்று வந்த ஒருவன் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. நானும் எண்ணினேன். தொல்காப்பியச் சூத்திரங்களுக்கு உரையாசிரியர்கள் கொண்ட பொருள் வேறுபாடுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு 'மரம்', 'மாடு' என்று எழுதப் பழக்குவதும் ஒரு வேலையா?

இன்று நான் உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். என்னை ஆசிரியனாக்கிய இடம் எது என்று எவரேனும் கேட்டால் பேராதனையைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஹற்றனுக்கு அப்பால், தேயிலை மலைகளின் நடுவே, தகரக் கூரையிட்ட ஒரு வகுப்பறையையும் அதன் மேசைமேல் இருந்த ஒரு பழைய பால்மா டின்னையுமே சொல்லத் தோன்றுகிறது. அந்த டின்னின் கதை எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் ஆசிரியத் தொழிலில் இருப்போரும், அதற்குள் வரவிருக்கும் மாணவ நண்பர்களும் படிக்கும் இந்தப் பக்கங்களில் அதைச் சொல்லிவிடுவது நல்லது என்று கருதுகிறேன்.

2019 ஆம் ஆண்டில் எனக்கு நியமனம் கிடைத்தது. முதலாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை உள்ள ஒரு தோட்டப் பாடசாலை. இடைநிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிப்பதற்கென்றே என்னை அனுப்பினார்கள். 2022 ஏப்ரலில் புதிய கல்வியாண்டு தொடங்கியபோது, ஆரம்பப் பிரிவில் இருந்த ஓர் ஆசிரியை மாற்றலாகிப் போய்விட்டார். பதிலாள் வரவில்லை. அதிபர் என்னை அழைத்து, "ஒரு தவணைக்கு மட்டும் மூன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளுங்க சேர்" என்றார். அந்த ஒரு தவணை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக நீண்டது. 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு நம் கல்வித் திணைக்களங்களில் வழங்கும் பொருளை அகராதிக்காரர்கள் இன்னும் குறித்து வைக்கவில்லை.

வகுப்பில் 27 பிள்ளைகள். அவர்கள் பாடசாலைக்கு முதன்முதல் வந்தது 2020 சனவரியில். வந்து இரண்டு மாதம் நிரம்புமுன் கொள்ளைநோயின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன்பின் திறப்பதும் மூடுவதுமாக இரண்டு ஆண்டுகள் போயின. தொலைபேசி வழியாகக் கல்வி நடக்கிறது என்று கொழும்பிலிருந்து சொன்னார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு தொலைபேசி, அதுவும் வேலைக்குப் போகும் தகப்பனின் சட்டைப் பையில். அலைவரிசை கிடைக்கவோ மலையுச்சிக்கு ஏறவேண்டும். இந்நிலையில் அந்தக் கல்வி யாருக்கு நடந்தது என்பதை அவரவரே ஊகித்துக்கொள்ளலாம். ஆக, மூன்றாம் வகுப்பு என்ற பெயரில் என் முன்னால் அமர்ந்திருந்தவர்கள் முதலாம் வகுப்பைக் கண்டிராத குழந்தைகள். பென்சிலைப் பிடிக்கும் முறையே பலருக்குத் தெரியவில்லை. அகப்பையைப் பிடிப்பதுபோற் பிடித்தார்கள்.

பிடிப்பதற்கும் பென்சில் வேண்டுமே. முதல் வாரத்தில் ஒருநாள் எழுதச் சொன்னபோது, 11 பேர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அது எந்த ஆண்டு என்பதை நினைவூட்டத் தேவையில்லை. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை நடத்தத் தாள் இல்லாமற் போனது அந்த ஆண்டின் மார்ச் மாதத்தில். உணவுப் பொருள்களின் விலையேற்றம் செப்ரெம்பரில் 94.9 சதவீதத்தைத் தொட்டது. தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று 2021 இல் வந்த ஏற்பாடே அப்போதும் இருந்தது. அந்த ஆயிரமும் முழுப்பேர் விழுந்தால்தான். கோதுமை மாவுக்கே போதாத காசில் பென்சில் எங்கிருந்து வரும்?

சம்பளம் வந்ததும் ஹற்றனுக்குச் சென்று இரண்டு டசின் பென்சில் வாங்கினேன். ஒரு பால்மா டின்னைக் கழுவி, வண்ணத்தாள் சுற்றி, பென்சில்களை அதில் நிறுத்தி மேசைமேல் வைத்தேன். "இல்லாதவர்கள் இதில் எடுத்து எழுதலாம். பாடசாலை முடியும்போது திரும்பப் போட்டுவிட வேண்டும்" என்று சொன்னேன். பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. அன்று மாலை பஸ்ஸில் வரும்போது என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் இருந்தது. அந்த இதமான உணர்ச்சியை மறைக்காமற் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் அதுவே வித்து.

மாலைதோறும் பென்சில்களை எண்ணினேன். முதல் நாள் 24. இரண்டாம் நாள் 24. மூன்றாம் நாள் 22. அடுத்த வாரம் 19. எண்ணிக்கையை என் குறிப்புப் புத்தகத்தில் திகதியிட்டு எழுதினேன். பிறகு நேர்மையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். அது பலிக்காமற் போகவே, மிஞ்சியவற்றின் அடியில் பிளேட்டினால் சீவி ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டேன். வகுப்புத் தலைவனாகிய ஒரு பையனிடம், யார் எந்த இலக்கத்தை எடுக்கிறார்கள் என்று ஒரு கொப்பியிற் குறித்து வைக்கும் பொறுப்பைக் கொடுத்தேன். அவன் அதை மிக ஊக்கத்தோடு செய்தான். இரண்டு நாளிலேயே அவன் நடை மாறிவிட்டது; கையைப் பின்னாற் கட்டிக்கொண்டு வாங்குகளுக்கு இடையில் உலவத் தொடங்கினான். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அந்த நடையை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்ற எண்ணம் அப்போது தோன்றவில்லை.

சன்னலோரத்தில் ஒரு சிறுமி இருப்பாள். மெலிந்த உடம்பு, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, இரட்டைப் பின்னலிட்டு வருவாள். அவளிடமும் பென்சில் இல்லை. ஆனால் ஒருநாளும் டின்னருகே வந்ததில்லை. "எடுத்துக்கொள்" என்றால், "வேணாங்க சேர்" என்பாள். எல்லாரும் எழுதும்போது கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, விரல் நுனியால் தாளின்மேல் எதையோ வரைந்துகொண்டிருப்பாள். முதலில் கூச்சம் என்று நினைத்தேன். பிறகு சோம்பல் என்று நினைத்தேன். கடைசியில் பிடிவாதம் என்று தீர்மானித்தேன். ஆசிரியர்களாகிய நாம் ஒரு பிள்ளையைப் பற்றிய தீர்ப்பை எத்தனை விரைவில் எழுதிவிடுகிறோம்! மேன்முறையீட்டுக்கு இடமே வைப்பதில்லை.

மே மாதத்தில் ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "உனக்கு எழுத விருப்பமில்லையா, இல்லாவிட்டால் பென்சிலைத் தூக்கக் கை வலிக்கிறதா?" என்று கேட்டேன். வகுப்புச் சிரித்தது. சிரிக்கவேண்டும் என்றே கேட்டேன். அவள் அழவில்லை, கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பிரம்பைத் தொடாதவன் என்ற பெருமை எனக்கு உண்டு. பிள்ளைகளை அடிக்கலாகாது என்று கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையிற் சொல்லியிருக்கிறது. அதற்குப் பின்னும் பிரம்பை அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருப்போரை நான் கண்டித்ததுண்டு. ஆனால் நாக்கைப் பற்றி அந்தச் சுற்றறிக்கையை நான் ஆராய்ந்து பார்த்ததில்லை.

எங்கள் பாடசாலையில் முதலாம் வகுப்பைக் கற்பித்த ஆசிரியை, ஓய்வுக்கு இரண்டு ஆண்டே எஞ்சியிருந்தவர். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்றவர், பட்டம் இல்லாதவர். தேநீர் இடைவேளைகளில் நாங்கள், அதாவது பட்டதாரிகள், இலக்கியமும் அரசியலும் பேசும்போது அவர் ஒரு மூலையில் பிள்ளைகளின் கிழிந்த கொப்பிகளை நூலால் தைத்துக்கொண்டிருப்பார். அவர்தான் ஒருநாள் என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்தப் புள்ள ஏன் வரலேன்னு விசாரிச்சீங்களா?"

"சுகமில்லையாக்கும் டீச்சர்."

"சுகமாத்தான் இருக்கு. அது ஏன் ஒங்க டின்ன தொடலேன்னு கேட்டீங்களா?"

"பிடிவாதம் டீச்சர். வேறென்ன?"

அவர் தைத்துக்கொண்டிருந்த கொப்பியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். அந்தப் பிள்ளையின் தாய் கீழ்ப்பிரிவிற் கொழுந்தெடுப்பவள். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது, ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கும் கிலோக்களைப் பற்றி ஒருமுறை வாய் திறந்து கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவள்மேல் ஒரு கண். சில மாதங்களுக்குப்பின் தோட்டத்துக் களஞ்சியத்தில் ஒரு கவ்வாத்துக் கத்தி எண்ணிக்கையிற் குறைந்தது. முதலில் அடிபட்ட பெயர் அவளுடையது. இரண்டு நாளாக லயத்தில் வந்து விசாரித்தார்கள். கத்தி பிறகு களஞ்சியத்திலேயே ஒரு சாக்குக்கடியிற் கிடந்தது. மன்னிப்பு ஒன்றும் எவரும் கேட்கவில்லை. அன்று அந்தத் தாய் தன் பிள்ளைகளுக்கு ஒரு புத்தி சொன்னாளாம். டீச்சர் அதை அவள் சொன்னபடியே சொன்னார்:

"எண்ணி வெச்ச சாமான்ல கைய வெக்காதீங்க. எண்ணாதது காணாமப் போனா ஆருக்கும் தெரியாது. எண்ணி வெச்சது காணாமப் போனா நம்ம பேருதான் மொதல்ல வரும்."

நான் வெளியூரிலிருந்து வந்த ஓர் உத்தியோகத்தனாக இருந்திருந்தால், இதைக் கேட்டு இரக்கப்பட்டு, அந்த இரக்கத்தோடு ஆறியிருக்கலாம். ஆனால் நானும் லயத்திற் பிறந்தவன். என் அம்மா 31 ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர். நான் சிறுவனாக இருந்தபோது அவர் மாலையில் அடுப்பை மூட்டிக்கொண்டே, காலையில் எத்தனை, பகலில் எத்தனை, மாலையில் எத்தனை கிலோ என்று வாய்க்குள் முணுமுணுத்துக் கூட்டுவார். கூட்டி வந்தது துண்டில் எழுதியிருப்பதோடு ஒத்து வராது. ஒத்து வராததை யாரிடமும் சொல்லவும் மாட்டார். குறித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர். பதினெட்டு வேண்டும் என்றால் பதினேழுக்கு நாளில் பாதி போயிற்று. காலையில் பிரட்டுக் களத்தில் தலையெண்ணிக்கை, மடுவத்தில் நிறுவை, மாதமுடிவில் கழிவுகளின் கணக்கு. எண்ணுகிறவர் ஒருவர், எண்ணப்படுகிறவர் ஒருவர் என்று உலகம் இரண்டாகப் பிரிந்து கிடப்பதை நான் நடக்கப் பழகும்போதே பார்த்தவன்.

கையைப் பின்னாற் கட்டிக்கொண்டு நடந்த அந்தப் பையனின் நடை எங்கே கண்டது என்பதும் அப்போது விளங்கிற்று. கணக்கப்பிள்ளையின் நடை. எட்டு வயதுக் குழந்தையை அதற்குப் பழக்கியவன் நான். என் அன்பின் பேரால் வகுப்பறைக்குள் ஒரு கொழுந்து மடுவத்தைத் திறந்து வைத்திருந்தேன்.

அன்று மாலையே லயத்துக்குப் போனேன். இதைப் பற்றி விரிக்க விரும்பவில்லை. ஆசிரியர் ஏழை வீட்டுக்குப் போகும் காட்சி நம் சிறுகதைகளில் வேண்டிய மட்டும் வந்தாயிற்று. "வாங்க சேர்" என்று அந்தத் தாய் இஸ்தோப்பில் இருந்த ஒரே கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். தானோ உட்காரவில்லை. சீனியில்லாத தேத்தண்ணீர் தந்தாள். நான் டின்னைப் பற்றிப் பேச்செடுத்தபோது, அவள் பதறிப்போய், "எம்புள்ள எதையும் எடுக்கலீங்களே சேர்!" என்றாள். நான் அங்கே போனது பிள்ளை எழுதுவதில்லை என்று சொல்வதற்காக. அவள் கேட்டது, தன் பிள்ளைமேல் வந்த குற்றச்சாட்டு என்ன என்பதை. உத்தியோகம் பார்க்கும் ஒருவர் அவள் வாசலுக்கு வரும்போதெல்லாம் வேறெதற்கு வந்திருக்கிறார்கள்?

மறுநாள் டீச்சரிடம், வகுப்பின் முன்னால் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கப்போவதாகச் சொன்னேன். பெரிய மனத்தோடு செய்யவிருக்கும் அந்தச் செயலை அவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். "வேணாம் தம்பி. மன்னிப்புக் கேட்டா மறுபடியும் எல்லாப் புள்ளைங்களும் அதத்தான் திரும்பிப் பாக்கும். அந்த மன்னிப்பு ஒங்களுக்கு நல்லாருக்கும். அதுக்கு நல்லாருக்குமா? சும்மா இருங்க. டின்ன மட்டும் பாத்துக்குங்க."

சும்மா இருப்பது எத்தனை கடினம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இலக்கக் கொப்பியை எடுத்துவிட்டேன். பொறுப்பிழந்த வகுப்புத் தலைவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மாலையில் எண்ணுவதையும் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்று எழுதிவிடுவது சுலபம். கை எண்ணவில்லை, கண் எண்ணியது. டின் சற்றுக் காலியாகத் தெரிந்தால் என்னையறியாமல் மனம் கழித்தற் கணக்கைப் போட்டுவிடும்.

இந்த இடத்தில் என் வெட்கத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேராதனையில் படித்த காலத்தில் மக்கரென்கோவின் கல்விக் காவியத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்து, நண்பர் வட்டத்தில் அதைப்பற்றி ஒரு கட்டுரையும் படித்தவன் நான். 1920 இல் உக்ரேனில், பொல்தாவாவுக்கு அருகே, உள்நாட்டுப் போரில் அநாதைகளாகித் திருட்டிலும் வழிப்பறியிலும் விழுந்த சிறுவர்களுக்கென ஒரு குடியிருப்பை நடத்தியவர் அவர். அவர்களுள் கரபானவ் என்ற இளைஞனை ஒருநாள் அழைத்து, நகரத்துக்குச் சென்று குடியிருப்புக்குரிய ஐந்நூறு ரூபிளை வாங்கி வருமாறு அனுப்புகிறார். அவன் கொண்டுவந்து நீட்டிய பணத்தை எண்ணாமல் மேசையறைக்குள் போடுகிறார். அவன் துடித்துப்போகிறான்.  மறுமுறை இரண்டாயிரத்துக்கு அனுப்புகிறார்; அப்போது எண்ணிப் பாருங்கள் என்கிறான், அவர் எண்ணுவதில்லை. கரபானவ் என்ற பாத்திரத்தின் மூலமனிதரான கலபாலின், பிற்காலத்தில் அநாதைச் சிறுவர்களைப் பேணும் ஆசிரியராகவே வாழ்ந்தார். இதையெல்லாம் மேடையில் உருக்கமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன், இரண்டு டசின் பென்சிலின் அடியைச் சீவி இலக்கமிட்டேன்.

படித்தது ஏன் கைக்கு வரவில்லை? நீண்டநாள் யோசித்தேன். மக்கரென்கோ சிறுவர்களை நம்பினார் என்று மட்டுமே நான் படித்திருந்தேன். நம்பியதற்கு அவர் எதைப் பணயம் வைத்தார் என்பதைப் படிக்கவில்லை. அந்த ஐந்நூறு ரூபிள் திரும்பாவிட்டால் குடியிருப்பு பட்டினி கிடந்திருக்கும். பதிற் சொல்லவேண்டியவர் அவர். நானோ எதையும் இழக்க ஆயத்தமாக இருக்கவில்லை. கொடுத்தவன் என்ற பெயரும் வேண்டும், கொடுத்தது குறையவும் கூடாது. நன்னூலிற் பவணந்தியார் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கையும் உவமை சொல்கிறார். பரீட்சைக்காக அதை மனனஞ் செய்த எனக்கு நிறைகோல் என்பது ஐயம் தீர்ப்பதும் நடுநிலையுமாக விளங்கிற்று. அந்தத் தாயிடம் கேட்டால் நிறைகோலுக்கு வேறு உரை சொல்லியிருப்பாள்.

யூனிலும் யூலையிலும் எரிபொருளின்றிப் பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டன. திறந்தபோது அந்தச் சிறுமி வந்திருந்தாள். டீச்சர் போய் அழைத்து வந்தார் என்று பின்னர் அறிந்தேன். ஆகஸ்டில் ஒரு காலையில், நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில், வாங்கு நகரும் ஒலி கேட்டது. அரைவாசி திரும்பினேன். அவள் டின்னருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புன்னகைக்க வேண்டும், 'எடு' என்று தலையசைக்க வேண்டும் என்றெல்லாம் தோன்றியது. கரும்பலகைக்கே திரும்பிக்கொண்டேன். எழுதிய சொல்லையே மறுபடியும் எழுதினேன். பென்சிலை அவள் எடுத்தாளா, எந்தப் பென்சிலை எடுத்தாள், மாலையில் திரும்பப் போட்டாளா என்பது எனக்குத் தெரியாது. அன்று அவள் கொப்பியில் நான்கு வரி இருந்தது.

பிள்ளைகளை நம்பியதும் பென்சில்கள் பெருகின என்று முடிக்க எனக்கும் ஆசைதான். பெருகவில்லை, முன்னிலும் விரைவாகக் குறைந்தன. செப்ரெம்பரில் டின் ஏறக்குறைய வெறுமையாயிற்று. டீச்சரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார். "எழுதத்தானே தம்பி வாங்குனீங்க? வீட்டுக்குப் போனா பென்சில் எழுதாதா?" உண்மைதான். வீட்டில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் பென்சில் இல்லை. மூன்று பிள்ளைகள் படிக்கும் காம்பராவில் ஒரே பென்சில், இரவில் கைமாறிக் கைமாறி எழுதிற்று. நான் 'களவு' என்று குறிப்புப் புத்தகத்திற் பதிந்ததற்குப் பெயர் பங்கீடு. டின்னுக்குள் வேறு சில பொருள்களும் வரத் தொடங்கின: அங்குல நீளப் பென்சிற் கட்டை ஒன்று, பாதி தேய்ந்த அழிறப்பர், மை தீர்ந்த பேனையின் மூடி. யார் போட்டார்கள் என்று கேட்கவில்லை. அந்த மூடி எதற்கு என்று நெடுநாள் விளங்கவில்லை. பிறகு ஒருநாள் ஒரு பையன் விரலாற் பிடிக்க முடியாத பென்சிற் கட்டையை அதற்குள் செருகி, நீளமாக்கி எழுதுவதைக் கண்டேன்.

ஆனால் என் டின்னைப் பற்றி எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அது நம்பிக்கையினாலும் தீராத குறை. அரசாங்கம் பாடநூல்களை 1980 முதல் இலவசமாகத் தருகிறது. சீருடைத் துணியை 1993 முதல் தருகிறது. பாடநூல் வழங்கும் நாளில் பிள்ளைகளைப் பாருங்கள். எவரும் எவருக்கும் தலை குனிவதில்லை. புத்தகத்தை முகர்ந்து பார்க்கிறார்கள். முதற் பக்கத்தில் தம் பெயரைத் தடித்த எழுத்தில் எழுதுகிறார்கள். படம் கிழிந்திருந்தால் "இது வேணாங்க சேர், வேற தாங்க" என்று சண்டையும் பிடிக்கிறார்கள். உரிமையாக வந்த பொருளுக்கு இருக்கும் மிடுக்கு அது. என் பென்சிலோடு எந்தப் பிள்ளையும் சண்டை பிடித்ததில்லை. கூர் முறிந்ததைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போயிற்று. ஒரு பிள்ளைக்கு உரியதாக இருந்திருக்கவேண்டியது என் பையிலிருந்து வந்ததால் என் தயவாகிவிட்டது. 1945 இல் இலவசக் கல்வி வந்த பின்னும், தோட்டப் பாடசாலைகளை அரசு முழுமையாகப் பொறுப்பேற்க 1970களாயிற்று. இடைப்பட்ட மூன்று தசாப்தங்களில் இந்த மலைகளில் எத்தனை பேரின் தயவில் எத்தனை பேர் எழுத்தறிந்தார்கள்! அவர்களை வணங்குகிறேன். அந்தத் தயவு தேவைப்பட்டதற்காக யாரை நோவது என்பதையும் மறக்கவில்லை.

நண்பர் ஒருவர், "அப்படியானால் பென்சில் வாங்குவதை விட்டுவிட்டுப் போராட்டத்துக்குப் போ" என்று குத்தலாகச் சொன்னார். 2021 இல் சம்பள முரண்பாட்டுக்கெதிரான வேலைநிறுத்தத்தில் நானும் நின்றவன்தான். நியாயம் வரும்வரை அந்தப் பிள்ளை விரலால் எழுதிக்கொண்டிருக்கட்டும் என்று சொல்ல என்னால் இயலாது. பென்சிலை வாங்குகிறேன், வாங்கவேண்டியிருப்பதைப் பற்றிப் பேசவும் செய்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று தின்னாமற் பார்த்துக்கொள்வது கடினமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சிறுமியைப் பற்றிக் கேட்பீர்கள். 2024 செப்ரெம்பர் 15 இல் புலமைப்பரிசிற் பரீட்சை எழுதினாள். வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை என்று டீச்சர் தொலைபேசியிற் சொன்னார். அதே பரீட்சையின் வினாக்கள் சில முன்னதாகவே வெளியாகிவிட்டமை உயர் நீதிமன்றம் வரை சென்று வழக்கானதை வாசகர்கள் அறிவார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமலிருக்க, அவர்களுக்கு இடையே எத்தனை அடி இடைவெளி விடுகிறோம்! அவள் இப்போதும் படிக்கிறாள். கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். டீச்சர் அந்த ஆண்டு முடிவில் ஓய்வு பெற்றார். பிரியாவிடையில் பேசச் சொன்னபோது எழுந்து நின்று, இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

இப்போதிருக்கும் பாடசாலையில், உயர்தர வகுப்பு மாணவர்களுக்காக இலக்கிய நூல்கள் கொண்ட ஓர் அலுமாரியை நான் பூட்டுவதில்லை. முதலாண்டில் ஐந்து நூல்கள் போயின. இரண்டு திரும்பி வந்தன, மூன்று வரவில்லை. ஆண்டு முடிவிற் பொருள்களைச் சரிபார்க்கும் குழு வந்து, இடாப்பையும் தட்டையும் ஒப்பிட்டு, மூன்று நூல்களின் விலையை என்னிடமிருந்து அறவிட்டது. சக ஆசிரியர் ஒருவர், "உங்களுடைய நம்பிக்கைக்கு ரசீது கிடைத்துவிட்டது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உண்மையில் அன்று எனக்குக் கோபம் வந்தது. எந்த மாணவன் என்று மனம் ஒவ்வொரு முகமாகத் தேடியது. மூன்றாம் வகுப்பில் படித்த பாடத்தை நான் இன்னும் மனனஞ் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

2024 தொடக்கத்தில் மாற்றல் கிடைத்து அந்தத் தோட்டப் பாடசாலையை விட்டு வந்தேன். கடைசி நாளில், என் இடத்துக்கு வந்த இளம் ஆசிரியையிடம் வகுப்பை ஒப்படைத்தேன். வரவு இடாப்பு, பிள்ளைகளின் பதிவுகள், சுவரிலிருந்த படங்கள் எல்லாவற்றையும் காட்டிவிட்டு டின்னையும் காட்டினேன். வண்ணத்தாள் அழுக்கேறியிருந்தது. "இல்லாதவர்கள் எடுத்து எழுதுவார்கள்" என்றேன்.

"நல்ல விஷயம் சேர்" என்றார் அவர். "எத்தனை பென்சில் இருக்கு?"

"தெரியாது."

என் கவலையீனத்தை மரியாதையோடு மன்னித்தவராக அவர் ஒரு புன்னகை செய்தார். பிறகு டின்னை மேசைமேற் கவிழ்த்து, எண்ணத் தொடங்கினார்.